பனிநாட்டு வீதிபரிபாலனம்

ஏழாம் வகுப்பிற் பருவகாலங்களைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறனையும் கரும்பலகையில் எழுதி முடித்ததும் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, என்னுடைய அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கே பனி முழங்காலளவுக்கு விழுமாம். அதைத் தெருவிலிருந்து யார் கூட்டுவது?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. எமக்கோ விடை தெரியாது. தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொண்டு, அடுத்த கிழமை சொல்வதாக வாக்களித்து, மணி அடித்ததும் தப்பினோம்.

அன்றிரவே கனடாவில் வாழும் எமது கல்லூரிப் பழைய மாணவர் ஒருவருக்குக் கடிதம் எழுதினோம். 1983ஆம் ஆண்டின் பின்னர் அந்நாடு சென்று, வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஒன்ராறியோ மாகாணத்து நகரொன்றில் மகளுடன் வாழ்பவர் அவர். "நகரசபைதான் கூட்டுகின்றது, ஐயா. ஆனால் எல்லார் வாசலையும் ஒரே வேளையிற் கூட்டுவதில்லை. வாகனம் முதலில், நடப்பவன் கடைசியில்" என்று தொடங்கி நான்கு பக்கங்கள் எழுதியிருந்தார். இத்துணைச் சிறு வினாவுக்கு நான்கு பக்கங்கள் வேண்டியதன் காரணம் மூன்றாம் பக்கத்திலே தெரிந்தது. அதனை உரிய இடத்திற் கூறுவோம். அவருடைய கடிதத்தைத் துணையாகக் கொண்டு மேலும் தேடிக் கற்றவற்றை, மாணவருக்கும் அந்நாடுகளிலே குடியேறியிருக்கும் பழைய மாணவருக்கும் பயன்படுமென்னும் எண்ணத்தால் இம்மலரில் எழுதுகின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பனி என்பது எமக்குப் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. காலையில் வயலை மூடும் புகார். உடலை நடுக்குங் குளிர். பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருளுண்டு. வானிலிருந்து பஞ்சுபோல இறங்குவதற்கும், தரையிலே நீர் இறுகிக் கண்ணாடிபோற் கிடப்பதற்கும் தனித்தனிப் பெயர் வழங்கவேண்டிய தேவை எம்மூரில் இருந்ததில்லை. வானத்திலிருந்து வீழும் கட்டியாக நாம் அறிந்தது ஆலங்கட்டி ஒன்றே. இக்கட்டுரையில் வீழ்வதை வெண்பனி என்றும், இறுகியதைப் பனிக்கட்டி என்றும் வழங்குவோம். கனடாவிலுள்ள எம்மவர் "ஸ்நோ கொட்டுது" என்கின்றனர். பண்டிதர் முகஞ்சுளிப்பர், யாம் சுளிக்கவில்லை. கொட்டுதல் என்ற வினையிலே அதன் மிகுதி நன்கு புலப்படுகின்றது.

அம்மிகுதியை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். புதிதாக வீழ்ந்த வெண்பனி நீரைவிட ஏறத்தாழப் பத்திலொரு பங்கே பாரமுடையது. அதாவது ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 100 கிலோகிராம். 7 மீற்றர் அகலமுள்ள வீதியில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அது படிந்தால், ஒரு கிலோமீற்றர் நீளத்தில் 700 கனமீற்றர் கிடக்கும். நிறை 70 தொன். ரொறன்ரோ மாநகரின் பொறுப்பில் ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர் வீதி உண்டு. எஞ்சிய பெருக்கலை மாணவருக்கே விடுகின்றோம். இது ஒரு நாட் பொழிவு. வாகனம் ஏறி மிதித்தாலோ, வெண்பனி பாதி உருகி மீண்டும் இறுகினாலோ, அதே கனமீற்றர் பன்மடங்கு பாரமாகிவிடும்.

முற்காலத்திற் பனிநாட்டார் பல இடங்களில் வீதியிலிருந்து வெண்பனியை அகற்றவில்லை என்பது எமக்கு வியப்பாயிருந்தது. குதிரை பூட்டிய சறுக்குவண்டிக்கு வெண்பனி வேண்டும். ஆதலால் கியூபெக்கிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ் மாநிலங்களிலும் பெரிய மர உருளைகளைக் குதிரைகளால் இழுப்பித்து, வீழ்ந்ததை அழுத்தி வழுவழுப்பாக்கினர். மோட்டார் வண்டி வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. அழுத்துவோர் அகற்றுவோராயினர். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் என்பவர் 1925இல் வெண்பனியை வாரி எடுத்துக் குழாய் வழியாகத் தூர வீசும் பொறியொன்றை அமைத்தார். மொன்றியலை அடுத்த ஊட்ரெமோன் என்னும் ஊர் 1927இல் அதனை விலைக்கு வாங்கியது. காலப்போக்கில் வீதியைத் திறந்து வைத்தல் உள்ளூராட்சியின் கடமை என்று மக்கள் கருதத் தொடங்கினர்.

கடமை தவறினால் என்ன நேரும் என்பதற்குச் சிக்காகோ நகரம் நல்ல சாட்சி. 1979ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே பெரும் பனிப்புயல் வீசியது. வீதிகள் பல நாட்கள் அடைபட்டுக் கிடந்தன. நெருக்கடியைக் குறைக்கவென்று நகரின் மின்சார இரயில்கள் சில நிலையங்களில் நில்லாமலே ஓடின. அவை பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்கள். அடுத்த மாதம் நடந்த கட்சித் தெரிவில் மேயர் மைக்கேல் பிலாண்டிக் தோற்றார். ஜேன் பேர்ன் என்னும் பெண்மணி வென்று, பின்னர் அந்நகரின் முதற் பெண் மேயரானார். வீழ்ந்த பனியை வாக்காளர் பொறுத்துக்கொண்டனர். எவரை முதலிற் கவனிப்பது என்று வகுத்த வரிசையைத்தான் பொறுக்கவில்லை என்பது எமது கருத்து.

இவ்வரிசை இன்று ஒன்ராறியோ மாகாணத்திற் சட்டமாகவே உள்ளது. அதைக் கூறுமுன் எந்த வீதி எவருடையது என்பதை அறிதல் வேண்டும். 401ஆம் இலக்கப் பெருந்தெரு போன்றவை மாகாண அரசினுடையவை. ரொறன்ரோவினுள்ளே ஏனைய வீதிகள் மாநகரசபைக்கு உரியன. எம்மவர் பலர் வாழும் மார்க்கம் போன்ற ஊர்களில் ஆட்சி இரண்டு தட்டாகும்: பெரிய வீதிகள் யோர்க் பிரதேசத்தின் பொறுப்பு, குடிமனை வீதிகள் நகரசபையின் பொறுப்பு. ஆதலால் ஒரே சந்தியில் ஒரு வீதி கறுப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் கிடக்கக் காணலாம். இருவர் வேலையையும் ஒருவர் தலையில் ஏற்றித் திட்டுவது அங்கும் வழக்கமாம்.

2002இல் அம்மாகாணம் வீதிபரிபாலனத்துக்குக் குறைந்தபட்ச நியமங்களை விதித்தது. நாடொறும் செல்லும் வாகனங்களின் தொகையையும் அனுமதிக்கப்பட்ட வேகத்தையும் கொண்டு வீதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்படுகின்றன. முதலாம் வகுப்பு வீதியில் 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் வெண்பனி சேர்ந்தால், பொழிவு நின்று 4 மணித்தியாலத்தினுள் அவ்வளவுக்குக் குறைத்தல் வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு 5 சென்ரிமீற்றரும் 6 மணித்தியாலமும். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு 8 சென்ரிமீற்றர்; காலம் முறையே 12, 16 மணித்தியாலம். ஐந்தாம் வகுப்புக்கு 10 சென்ரிமீற்றர், 24 மணித்தியாலம். ஆறாம் வகுப்புக்கு விதியே இல்லை. மணிக்கணக்கு பொழிவு நின்ற பின்னரே தொடங்கும் என்பதை வாசகர் கவனிக்க. இரண்டு நாட்கள் விடாது கொட்டினால், மூன்றாம் நாளிலேதான் குடிமனை வீதியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஊர்கள் தாமாக இதனினும் உயர்ந்த அளவை வகுத்துக்கொள்ளலாம். பல ஊர்கள் வகுத்துமுள்ளன.

இனி வேலை நடைபெறும் முறையைக் காண்போம். ஒக்ரோபர் முதலாம் நாள் தொடக்கம் ஏப்ரில் இறுதிவரை, நாளொன்றுக்கு மும்முறை வானிலையை நோக்குதல் சபையின் கடன் என்று மேற்சொன்ன நியமங்களே விதிக்கின்றன. பொழிவு வருமென்று தெரிந்தால், அது தொடங்கு முன்னரே லொறிகள் புறப்பட்டு வீதியில் உப்புநீரைக் கோடு கோடாக ஊற்றிச் செல்லும். வெறுந்தரையில் வீழும் வெண்பனி வாகனச் சில்லுகளால் மிதிபட்டுத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் எந்த இரும்புத் தகடு கொண்டும் சுரண்டி எடுத்தல் அரிது. முன்னரே பரவிய உப்புநீர் அந்த ஒட்டுதலைத் தடுக்கின்றது. தோசைக்கல்லில் முதலில் எண்ணெய் தடவுவது போன்றதென வகுப்பில் விளக்கினோம். மாணவர் உடனே விளங்கிக்கொண்டனர்.

உப்பு ஏன் பனிக்கட்டியை உருக்குகின்றது? தூய நீர் 0 பாகையில் உறையும். உப்புக் கரைந்த நீர் அதனினுங் குறைந்த வெப்பநிலையிலேதான் உறையும். நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள கரைசல் சுழியத்துக்குக் கீழ் 21 பாகைவரை உறையாது நிற்கும். ஆயினும் இஃது ஆய்வுகூடக் கணக்கு. வீதியிலே கிடக்கும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலன்றி உப்புக் கரையத் தொடங்காது. குளிர் மிகமிக அப்படலம் அருகும். ஆகையால் சுழியத்துக்குக் கீழ் 10 அல்லது 12 பாகைக்கு அப்பால் சாதாரண உப்பு மிகவும் மந்தமாகிவிடும். அப்போது கல்சியங் குளோரைட்டு, மகனீசியங் குளோரைட்டு முதலியவற்றைக் கலப்பர். அன்றேல் மணல் தூவுவர். மணல் எதையும் உருக்குவதில்லை. சில்லுக்கும் காலுக்கும் பிடி கொடுக்கும், அவ்வளவே. பீற்றூட் வகைக் கிழங்கிலிருந்து சீனி எடுத்தபின் எஞ்சும் சாற்றை உப்புநீருடன் சேர்க்கும் ஊர்களும் உண்டு. வீதிக்குச் சாறு ஊற்றுகிறார்கள் என்று சொன்னபோது வகுப்பு மறுபடியுஞ் சிரித்தது.

அவ்வுப்பின் பெரும்பகுதி கடலிலிருந்து வருவதன்று. ஆனையிறவில் நாம் வெயிலிற் காயவைத்துப் பெறும் அதே பொருளை அவர்கள் நிலத்தினடியிலிருந்து வெட்டி எடுக்கின்றனர். ஒன்ராறியோவின் கொடெரிச் என்னும் சிற்றூரில், ஹூரோன் ஏரியின் அடியிலே ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்திற் பரந்து கிடக்கின்றது ஓர் உப்புச் சுரங்கம். 1866இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் எண்ணெய்க்குப் பதிலாக உப்பைக் கண்டனர். 1959இல் இச்சுரங்கம் திறக்கப்பட்டது. நிலத்தடி உப்புச் சுரங்கங்களுள் உலகிற் பெரியது இதுவே. ரொறன்ரோ மாநகர் மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 130,000 தொன் உப்பை வீதிகளிலே தூவுகின்றது.

பொழிவு மிகுந்தபின் உப்பாற் பயனில்லை, தள்ளவே வேண்டும். லொறியின் முன்னே சாய்வாகப் பொருத்திய பெரிய இரும்புத் தகடு வெண்பனியை ஒரு பக்கமாகப் புரட்டிச் செல்லும். ஏர்முனை மண்ணைப் புரட்டுவதே நினைவுக்கு வரும். ஆங்கிலத்திலும் அப்பொறிக்குக் கலப்பையின் பெயர்தான். அகன்ற பெருந்தெருக்களில் நாலைந்து லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆயின் ஒவ்வொன்றும் சிறிது வலப்புறம் விலகிப் படிவரிசையாகச் செல்லும். முதல் லொறி தள்ளியதை இரண்டாவது ஏற்று அப்பால் தள்ளும்; இவ்வாறே கரைவரை செல்லும். அப்படிவரிசையை முந்திச் செல்ல முயல்வோர் வெண்பனிச் சுவரில் மோதுவர் என்று பழைய மாணவர் எச்சரிக்கின்றார்.

தள்ளப்பட்டது கரையில் வரம்பாக நிற்கும். நெல்வயல் வரம்பை நினைத்துக்கொள்க. வாகனத்துக்கு வழி திறந்த அதே பொறி, ஒவ்வொரு வீட்டு முகப்பையும், ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தையும், சந்தி தோறும் நடைபாதை இறங்கும் இடத்தையும் இவ்வரம்பினால் அடைத்துவிட்டுச் செல்கின்றது. விடியற்காலையிற் சவல் கொண்டு முகப்பைத் துப்புரவாக்கி உள்ளே சென்று தேநீர் குடித்து மீளுமுன், லொறி வந்து மறுபடி அடைத்துவிடும் துன்பத்தை எழுதாத பழைய மாணவர் இல்லை. அவ்வரம்பு பஞ்சன்று, உப்பும் மண்ணுங் கலந்து இறுகிய பாரம். அதனை வெட்டும் வேளையில் முதியோர் இருதயம் நின்று வீழ்வதும் உண்டு.

வரம்பு வளர்ந்து வீதியை நெருக்கினால் வாரி ஏற்றிக்கொண்டு போவதே வழி. இதிற் கைதேர்ந்தவர் மொன்றியல் நகரத்தார். ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் வீதியும் நடைபாதையும் அவர்களுக்கு உண்டு. முதலில் வீதியோரம் செம்மஞ்சட் பலகை நட்டு, இன்ன நேரத்தில் இங்கே வாகனம் நிறுத்தலாகாது என்று அறிவிப்பர். நேரம் வந்ததும் இழுவைவண்டி ஒன்று ஊளையிட்டுச் செல்லும். அவ்வோசையின் பொருள் அந்நகரத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். எடுக்காத வாகனத்தை இழுத்து அடுத்த தெருவிலே விட்டுவிடுவர். பின்பு சிக்கார் வழிவந்த வீசும் பொறி முன்னே செல்ல, லொறிகள் பக்கத்தே ஊர்ந்து நிறைத்துக்கொள்ளும். முன்னர் இதனை சென் லோறன்ஸ் ஆற்றிலே கொட்டினர். உப்பும் எண்ணெயும் கலந்திருத்தலின் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்று சிலவற்றை நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்களிலும், பெரும்பகுதியைக் குறித்த கொட்டுமிடங்களிலும் இடுகின்றனர். அவற்றுட் பெரியது பிராங்கோன் என்னும் பழைய கற்குழி. அங்கே குவியும் மலை கோடையிலும் முற்றாகக் கரைவதில்லை.

ரொறன்ரோவின் வரலாறு வேறு. 1998இல் ஆறு உள்ளூராட்சிகளை ஒன்றாக்கி இன்றைய மாநகரை அமைத்தனர். அடுத்த ஆண்டு ஜனவரியின் முதலிரு வாரங்களில், ஏறக்குறைய ஓராண்டிலே வீழவேண்டியது முழுவதும் கொட்டியது. மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை அழைத்தார். நாட்டின் ஏனைய பகுதிகளில் வாழ்வோர், பனியைக் கண்டு பட்டாளத்தைக் கூப்பிட்ட ஊர் என்று இன்றுவரை நகைக்கின்றனர். எமக்கு அந்நகைப்பைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஆறு சபைகள் ஒன்றானபோதும் ஆறு வழக்கங்கள் ஒன்றாகவில்லை. ஸ்காபுறோ, வட யோர்க் முதலிய புறப்பகுதிகளில் நடைபாதையைச் சபையின் சிறுபொறி துப்புரவு செய்யும். வீட்டு முகப்பின் வரம்பையும் திறந்துவிடும். பழைய நகரின் நடுப்பகுதியிலோ, தன் வீட்டுக்கு முன்னுள்ள நடைபாதையைக் குடியிருப்பவரே துப்புரவு செய்யவேண்டியிருந்தது. நடைபாதை ஒடுக்கம், வாகனங்கள் நிறைந்த தெரு என்பன காரணமாகக் கூறப்பட்டன. ஒரே மாநகருக்கு வரி செலுத்துவோர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இரு முறையாக நடத்தப்பட்டனர். 2021இலேதான் எல்லா நடைபாதைகளையும் சபையே துப்புரவு செய்வதென மாநகரசபை தீர்மானித்தது. எம்மூரிற் சோலைவரி செலுத்தும் வாசகருக்கு இதில் மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

தீர்மானம் ஒன்று, நடைபெறுவது ஒன்று. இவ்வேலையிற் பெரும்பகுதியை ஒப்பந்தகாரரே செய்கின்றனர். லொறிகள் எங்கே, எப்போது ஓடின என்பதைச் செய்மதி வழி அறியும் கருவி அவற்றிற் பொருத்தப்பட்டிருந்தும், அப்பதிவுகளைப் பயன்படுத்தி ஒப்பந்தகாரரைச் சரிவரக் கண்காணிக்கவில்லையென மாநகரின் கணக்காய்வாளர் நாயகம் 2020இல் அறிக்கையிட்டார். 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து புதிய ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. 2025 பெப்ரவரியில் ஏறத்தாழ ஒரு வாரத்தினுள் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியபோது, பல நடைபாதைகளும் பஸ் நிறுத்தங்களும் நெடுநாட்கள் அடைபட்டிருந்தன. சக்கர நாற்காலியிற் செல்வோரும் குழந்தைத் தள்ளுவண்டியோடு செல்லும் தாய்மாரும் வாகனம் ஓடும் வீதியிலேயே இறங்கிச் சென்றனர்.

எமது பழைய மாணவரின் மூன்றாம் பக்கம் இங்கேதான் பொருந்தும். அவர் வாழ்வது வேறொரு நகர். அதன் பெயர் வேண்டா. ஒரு மாசி மாதத்துக் காலை, கோயிலுக்குச் செல்ல பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வீதி கறுப்பாகத் துப்புரவாயிருந்தது. நடைபாதையில் முதல்நாள் உருகிய நீர் இரவில் இறுகி, மேலே தூசிபோலச் சிறிது வெண்பனி படிந்திருந்தது. வழுக்கி வீழ்ந்து வலது மணிக்கட்டு முறிந்தது. "நாற்பது வருஷம் எழுதின கை, ஐயா. இந்தக் கடிதம் இடது கையால் எழுதுகிறேன். எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றிருந்தார். எழுத்துக் கோணலாயிருந்ததன் காரணம் அப்போதுதான் எமக்கு விளங்கியது. கட்டு அவிழ்ந்தபின், ஒன்றரை மாதங் கழித்து, நகரசபைக்கு முறையிட்டார். காலம் கடந்துவிட்டதென விடை வந்தது.

அந்நாட்டிலுள்ள பழைய மாணவரும் அவர்தம் பெற்றோரும் இதனைக் கவனமாக வாசித்தல் வேண்டும். ஒன்ராறியோவின் நகராட்சிச் சட்டப்படி, சபையின் வீதியிலோ நடைபாதையிலோ வீழ்ந்து காயமுற்றவர் பத்து நாட்களினுள் எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும். எந்த இடம், எந்த நாள், எந்த நேரம், என்ன காயம் என்பவற்றைக் குறித்து, சபையின் எழுதுவினைஞருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். பத்து நாள் தவறினால் எல்லாம் முடிந்ததென்று கொள்ளவும் வேண்டா. தவறியதற்குத் தகுந்த காரணமுண்டு, அதனாற் சபைக்குப் பாதகமில்லை என நீதிபதி கண்டால் வழக்கு ஏற்கப்படலாம். ஆயின் இன்னொரு தடையும் உண்டு. நடைபாதையிற் கிடந்த வெண்பனியாலோ பனிக்கட்டியாலோ நேர்ந்த காயத்துக்கு, சாதாரணக் கவலையீனம் போதாது. பாரதூரமான கவலையீனம் இருந்தாலன்றிச் சபை பொறுப்பாகாது. நடைபாதைக்குத் துப்புரவு நியமம் 2018இலேதான் சேர்க்கப்பட்டது. அதுவும் பொழிவு நின்று 48 மணித்தியாலத்தினுள் 8 சென்ரிமீற்றருக்குக் குறைத்தாற் போதுமென்கின்றது. 8 சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறையக் கணுக்காலளவு. வாகனத்துக்கு 2.5 சென்ரிமீற்றரும் 4 மணித்தியாலமும், தடியூன்றி நடக்கும் முதியவருக்கு 8 சென்ரிமீற்றரும் இரண்டு நாளும் எனச் சட்டம் வகுத்திருப்பதை யாம் வகுப்பில் எழுதிக் காட்டியபோது, இம்முறை எவருஞ் சிரிக்கவில்லை.

வேகமாகச் செல்லும் வாகனம் சறுக்கினால் பலர் மாள்வர். நோயாளர் வண்டியும் தீயணைப்பு வண்டியும் முதலிற் செல்லல் வேண்டும். ஆதலின் பெருந்தெரு முதலாவதாதல் நியாயம் என்பர். அதனை யாம் மறுக்கவில்லை. நடைபாதை முதலாவதாக வேண்டுமென்பதன்று எம் வாதம். இத்துணைப் பின்தள்ளப்பட வேண்டுமா என்பதே வினா. சுவீடன் நாட்டின் கார்ல்ஸ்கூகா என்னும் ஊரார் இதனை ஆராய்ந்தனர். வாகனம் ஓட்டி வேலைக்குச் செல்வோருள் ஆடவரே பலர். நடந்தும் பஸ்ஸிலும் பிள்ளைகளைப் பாலர் நிலையத்தில் விட்டும் செல்வோருள் பெண்களே பலர். எனவே பெருந்தெருவை முதலாக வைத்த வரிசை எவருக்கும் தெரியாமலே ஒரு பாலாருக்குச் சாதகமாயிருந்தது என்று கண்டனர். வழுக்குங் காலத்திற் காயமுறுவோருள் வாகனத்திற் செல்வோரைவிட நடப்போரே மிகுதியென அந்நாட்டு ஆய்வுகள் காட்டின. ஆதலால் பாலர் நிலையங்களின் சூழலையும் நடைபாதைகளையும் முதலிற் துப்புரவு செய்யத் தொடங்கினர். 3 அங்குல வெண்பனியில் வாகனம் ஓடிவிடும். தள்ளுவண்டி ஓடாது என்பது அவர்கள் நியாயம். பின்னர் ஸ்டொக்ஹோம் நகரும் அம்முறையை ஏற்றது. 2016 நவம்பரில் வழமைக்கு மாறான பெரும்பொழிவால் அந்நகர் முடங்கியபோது, புதிய வரிசையே காரணமெனப் பலர் பழித்தனர். பொழிவின் அளவே காரணமென நகரத்தார் விடையிறுத்தனர். பழைய வரிசையிருந்தாலும் அத்துணை வெண்பனியை எவர் அள்ளியிருப்பர் என்றே யாமும் கருதுகின்றோம்.

சபையின் தீர்மானங்களை நீதிமன்றம் கேள்வி கேட்கலாமா என்பதும் அண்மையில் முடிவாயிற்று. பிரித்தானிய கொலம்பியாவில் நெல்சன் என்னுஞ் சிறு நகர் உண்டு. 2015 ஜனவரியில் அந்நகரசபை கடைத்தெருவில் வாகனம் நிறுத்துமிடங்களைத் துப்புரவு செய்தபோது, நடைபாதைக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே இடைவெளியில்லா வரம்பொன்றை விட்டுச் சென்றது. வாகனத்திலிருந்து இறங்கிய பெண்ணொருவர் அதனைக் கடக்க முயன்று, கால் புதைந்து பெருங்காயமுற்றார். பணமும் ஆளும் எவ்வளவு, எங்கே முதலில் என்பன கொள்கை முடிவுகள். அவற்றில் நீதிமன்றம் தலையிடலாகாது என்று சபை வாதித்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2021 ஒக்ரோபரில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மக்கள் பிரதிநிதிகள் ஆராய்ந்து எடுக்கும் உயர்ந்த கொள்கைக்குப் பாதுகாப்பு உண்டு. வரம்பில் வழிவிடாது சென்ற நாளாந்த வேலை அத்தகையதன்று. செலவைக் கருதியது என்பதனால் மட்டும் ஒரு செயல் கொள்கையாகிவிடாது என்று கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி விட்டது.

உப்பின் பிற்கதையையும் சொல்லாது விடலாகாது. உருக்கிய உப்பு மறைவதில்லை. ஓடைக்கும் ஏரிக்கும் கிணற்றுக்குமே போகின்றது. வீதியுப்பு நீர்வாழ் உயிர்களுக்கும் நிலத்தடி நீருக்கும் ஊறு செய்கின்றதென 2001இல் கனடா அரசு மதிப்பிட்டது. அந்நாடு ஆண்டுதோறும் இடும் உப்பு அப்போது ஏறத்தாழ 50 இலட்சம் தொன். 2004இல் உப்புப் பாவனைக்கு ஒழுக்கக்கோவை வெளியாயிற்று. பாலங்களின் கொங்கிறீற்றினுள்ளே புகுந்து இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து வெடிக்கப்பண்ணுவதும் அதுவே. அதனாற்றான் உப்பைக் குறைத்து, முன்கூட்டியே உப்புநீராக இடும் முறை பரவுகின்றது. ஆயினும் உப்பைக் குறைக்கும் சபை முதலில் எங்கே குறைக்கின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். பெருந்தெருவில் அன்று.

இவ்வாண்டு வைகாசியிற் பழைய மாணவரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது, வலது கையெழுத்து. சென்ற குளிர்காலத்தில் அவருடைய தெரு நடைபாதைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே சிறுபொறி வந்ததாம். தெருவார் பதினேழு பேர் ஒப்பமிட்டுச் சபைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் பயனோ, வேறு காரணமோ அவர் அறியார். இருளில் வந்த பொறி அவர் வீட்டு முன்றிலின் புற்றரையையும் ஒரு முழ அகலத்துக்குச் சுரண்டிச் சென்றது. வெயில் வந்தபின் சபையார் புதிய புற்பாளம் பதித்துச் சென்றனராம். அதற்கு நாடொறும் மாலையில் தண்ணீர் ஊற்றுகின்றார்.

வினவிய மாணவனுக்கு அக்கடிதத்தைக் காட்டினோம். "அண்ணாவுக்கும் அந்தப் பத்து நாள் கணக்கை எழுதட்டுமா, ஐயா?" என்றான். எழுதச் சொல்லி விலாசத்தாளும் கொடுத்தோம்.